எல்லாத் திரைகளுக்கும் ஒரே பக்கம்: தமிழ் இதழ்த் தளத்துக்கான ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு – முழுமையான வழிகாட்டி

360 பிக்சல் அகலமுள்ள கைபேசியிலும் 1,920 பிக்சல் அகலமுள்ள மேசைக் கணினியிலும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு ஒழுங்காகத் தெரியும்படி செய்வது எப்படி என்பதற்குப் பாடங்கள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றிலுள்ள எண்களை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பக்கத்துக்குப் பொருத்தினால், தலைப்புகள் திரையை மீறி வெளியே நீள்கின்றன. மேல்வரியின் கீழிறங்கும் சுழியும் கீழ்வரியின் கொக்கியும் உரசிக்கொள்கின்றன. பிரிவுகளின் பெயர்கள் இரண்டு மூன்று வரிகளாக மடிந்து கிடக்கின்றன. எனவே இங்கே ஒரு தமிழ் இதழின் தளத்தை எடுத்துக்கொண்டு, அதன் முகப்புப் பக்கத்தையும் கட்டுரைப் பக்கத்தையும் முதலிலிருந்து அமைத்துப் பார்ப்போம். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

ஐபோன் 2007-இல் வந்த பிறகு சில ஆண்டுகள், கைபேசிக்கென்று தனித் தளம், கணினிக்கென்று தனித் தளம் என இரண்டு தளங்களைப் பராமரிப்பதே வழக்கமாக இருந்தது. ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் 2010 மே மாதத்தில் 'எ லிஸ்ட் அபார்ட்' என்ற இணைய இதழில் எழுதிய கட்டுரை இந்த வழக்கத்தை மாற்றியது. விகிதத்தால் விரிந்து சுருங்கும் கட்டங்கள், கட்டத்துக்குள் அடங்கும் படங்கள், திரையின் அகலத்தை அறிந்து விதிகளை மாற்றும் மீடியா குவெரி ஆகிய மூன்றையும் சேர்த்து, அவர் அதற்கு 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயரிட்டார். கருவிகள் இன்று பெரிதும் வளர்ந்துவிட்டன என்றாலும் அந்த மூன்று தூண்களும் அப்படியே நிற்கின்றன.

முதற்படி: வியூபோர்ட்டைச் சொல்லிவிடுங்கள்

கைபேசி உலாவிகள், பழைய தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, பக்கம் சுமார் 980 பிக்சல் அகலமுள்ளது என்று கற்பனை செய்துகொண்டு அதை வரைந்து, பிறகு திரைக்குள் அடங்கும்படி சுருக்கிக் காட்டும். 360 பிக்சல் திரையில் இது நடந்தால், நீங்கள் 16 பிக்சல் என்று எழுதிய எழுத்து ஏறத்தாழ 6 பிக்சல் அளவில் தெரியும். எச்.டி.எம்.எல். தலைப்பகுதியில் வியூபோர்ட் (உலாவி பக்கத்தை வரையும் பரப்பு) என்ற மெட்டா குறியை இட்டு, அகலம் கருவியின் அகலத்துக்குச் சமம், தொடக்கப் பெரிதாக்கம் 1 என்று குறிப்பிட்டால் இந்தச் சுருக்கம் நின்றுவிடும். அதே குறியில், வாசகர் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் மதிப்பையும் சிலர் சேர்க்கிறார்கள். பார்வை மங்கிய வாசகர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வழியையே அது அடைத்துவிடும் என்பதால் அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இங்கே பிக்சல் என்பது சி.எஸ்.எஸ். பிக்சல் என்பதையும் நினைவில் வையுங்கள். 360 பிக்சல் அகலம் என்று சொல்லப்படும் கைபேசியில் உண்மையில் 1,080 ஒளிப்புள்ளிகள் இருக்கலாம். பக்க அமைப்புக்கு முதல் எண் போதும். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் இரண்டாவது எண் தேவைப்படும்.

இரண்டாம் படி: அமைப்புக்கு முன் எழுத்து

பலரும் கட்டங்களை வரைந்து முடித்த பிறகே எழுத்துருவைப் பற்றி யோசிக்கிறார்கள். தமிழில் இது தலைகீழ் வரிசை. ஏனென்றால், கட்டம் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே எழுத்துதான்.

வரியின் நீளத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பாடங்கள் பத்தியின் அகலத்தை 'சி.எச்.' என்ற அலகில் 60 அல்லது 65 என்று வைக்கச் சொல்கின்றன. அந்த அலகு, எழுத்துருவிலுள்ள சுழியம் என்ற எண்ணின் அகலத்தைக் குறிக்கிறது. ண, ஞ, னை, ளௌ போன்ற எழுத்துகள் சுழியத்தைவிட மிக அகலமானவை. ஆகவே அந்த எண்ணிக்கைக்கும் ஒரு வரியில் அமரும் தமிழ் எழுத்துகளுக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. எழுத்தின் உயரத்தையே அடிப்படையாகக் கொண்ட 'எம்' அலகைப் பயன்படுத்துங்கள். உடற்பகுதியின் எழுத்தளவு 18 பிக்சல், அதாவது 1.125 ரெம் (ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு, இயல்பாக 16 பிக்சல்) என்றால், பத்தியின் உச்ச அகலத்தை 36 எம் என வைக்கலாம். அது 648 பிக்சல். அந்த அகலத்தில் ஒரு வரியில் ஏறத்தாழ எட்டு ஒன்பது சொற்கள் அமரும். கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறாது. எழுத்தளவுகளை நேரடியாகப் பிக்சலில் எழுதாமல் ரெம்மில் எழுதினால், உலாவியின் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வாசகரின் விருப்பமும் மதிக்கப்படும்.

வரி இடைவெளியைப் பொறுத்தவரை, தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் எழுகின்றன, கீழே 'கூ', 'ஞூ', 'மு' போன்றவற்றின் சுழிகள் இறங்குகின்றன. உடற்பகுதிக்கு 1.6 முதல் 1.75 வரையிலும், தலைப்புகளுக்கு 1.3 முதல் 1.4 வரையிலும் அலகு இல்லாத எண்ணாகக் கொடுங்கள். ஆங்கிலத் தலைப்புகளுக்கு அழகாக இருக்கும் 1.1 என்ற மதிப்பு தமிழில் இரண்டு வரித் தலைப்பை முடிச்சுப் போட்டுவிடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் பண்பைத் தமிழில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. துணையெழுத்துகள் தம் மெய்யை விட்டு விலகி நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

தலைப்பின் அளவைத் திரையோடு வளரவிட 'கிளாம்ப்' என்ற சார்பு உதவுகிறது. அதற்குக் குறைந்த அளவு, விரும்பும் அளவு, மிகுந்த அளவு என மூன்று மதிப்புகள் தர வேண்டும். குறைந்தது 1.5 ரெம், விரும்புவது 1.1 ரெம்முடன் திரையகலத்தின் 2 விழுக்காட்டைக் கூட்டியது, மிகுந்தது 2.5 ரெம் என்று கொடுத்தால், 320 பிக்சல் திரையில் 24 பிக்சலாகத் தொடங்கும் தலைப்பு சீராக வளர்ந்து 1,120 பிக்சலில் 40 பிக்சலை எட்டி நின்றுவிடும். நடு மதிப்பில் திரையகல அலகை மட்டும் தனியாக எழுதக் கூடாது. வாசகர் பக்கத்தைப் பெரிதாக்கினாலும் எழுத்து வளராமல் அசையாது நிற்கும்.

மூன்றாம் படி: நீண்ட சொற்களுக்கு வழி செய்யுங்கள்

தமிழ்ப் பக்கங்கள் உடையும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 360 பிக்சல் திரையில் இருபுறமும் 16 பிக்சல் விளிம்பு விட்டால் எஞ்சுவது 328 பிக்சல். அங்கே 24 அல்லது 25 பிக்சல் அளவில் வரும் தலைப்புக்குப் பதின்மூன்று எம் அகலமே கிடைக்கிறது. 'சட்டமன்றத்தொகுதிகளுக்கான', 'எதிர்க்கட்சித்தலைவர்களுடன்' என்று சேர்த்தெழுதப்பட்ட ஒரு சொல் அந்த அகலத்தை முழுவதுமாக விழுங்கிவிடும், சில எழுத்துருக்களில் மீறியும் விடும். நான் பணியாற்றிய ஒரு தளத்தில், ஒரே ஒரு தலைப்பிலிருந்த ஒரே ஒரு சொல், முகப்புப் பக்கம் முழுவதையும் இரண்டு நாட்கள் இடவலமாக ஆடவிட்டது. வடிவமைப்பின்போது நாங்கள் 'செய்தித் தலைப்பு இங்கே' என்ற மாதிரி வரியை மட்டும் இட்டுப் பார்த்திருந்தோம்.

இதற்கு மூன்று அடுக்குத் தீர்வு உண்டு. முதலாவதாக, 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்ற பண்புக்கு 'எனிவேர்' என்ற மதிப்பைத் தலைப்புகளுக்குக் கொடுங்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் சொல் உடையும். அதே பண்பின் 'பிரேக்-வேர்ட்' என்ற மதிப்பும் சொல்லை உடைக்கும் என்றாலும், கட்டத்தின் மிகக் குறைந்த அகலத்தைக் கணக்கிடும்போது உலாவி அந்த உடைப்பைக் கருத்தில் கொள்வதில்லை. ஆகவே கட்டம் வீங்கிவிடுகிறது. இரண்டாவதாக, ஆசிரியர் குழுவினர் நீண்ட சொற்களின் இயல்பான இணைப்பில் மென் இணைப்புக்குறியை இட்டுவைக்கலாம். இடமிருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது, இடமில்லாதபோது சொல் அந்த இடத்தில் மடியும். மூன்றாவதாக, எழுத்துநடையிலேயே பிரித்தெழுதக்கூடியதைப் பிரித்தெழுதச் சொல்லுங்கள். 'வேர்ட்-பிரேக்' பண்பின் 'பிரேக்-ஆல்' மதிப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது தேவையில்லாத இடத்திலும் சொற்களை வெட்டி, புள்ளி வைத்த மெய்யெழுத்து ஒன்று வரியின் தொடக்கத்தில் அனாதையாக நிற்கும்படி செய்துவிடும். அச்சு நாளிதழ்களின் குறுகிய பத்திகளில் சொற்கள் மடிவதற்குத் தமிழ் வாசகர் பழகியவர்தான் என்றாலும், அங்கே அந்த மடிப்பைப் பக்க அமைப்பாளர் ஒருவர் கண்ணால் பார்த்திருப்பார்.

பத்திகளை இருபுறமும் நேராக்கும் ஆசையையும் கைபேசியில் விட்டுவிட வேண்டும். ஒரு வரியில் நான்கே சொற்கள் இருக்கும்போது அவற்றை விளிம்பு வரை இழுத்தால் நடுவில் ஓட்டைகள்தான் மிஞ்சும். இடப்புறம் மட்டும் நேராக இருப்பதே போதுமானது.

நான்காம் படி: சிறிய திரைக்கு முதலில் எழுதுங்கள்

அடிப்படை சி.எஸ்.எஸ். விதிகள் எதுவும் மீடியா குவெரிக்குள் இருக்கக் கூடாது. அவை ஒற்றைப் பத்தியாகக் கீழிறங்கும் கைபேசிப் பக்கத்தை அமைக்க வேண்டும். திரை அகலும்போது தேவைப்படும் மாற்றங்களை மட்டும், குறைந்தபட்ச அகலத்தைச் சோதிக்கும் மீடியா குவெரிகளில் சேர்த்துக்கொண்டே போங்கள். எச்.டி.எம்.எல். உறுப்புகளின் வரிசை, வாசிக்க வேண்டிய வரிசையாகவே இருக்கட்டும்: இதழின் பெயர், பிரிவுகள், தலைமைக் கட்டுரை, மற்ற கட்டுரைகள், பக்கப் பத்தி, அடிப்பகுதி. கிரிட், ஃபிளெக்ஸ்பாக்ஸ் ஆகிய சி.எஸ்.எஸ். அமைப்பு முறைகளில் காட்சி வரிசையை மட்டும் மாற்றும் வசதி உண்டு. ஆனால் திரைவாசிப்பு மென்பொருளும் விசைப்பலகையின் டேப் விசையும் மூல வரிசையையே பின்பற்றும் என்பதால், அந்த வசதியை அதிகம் நம்பினால் கண்ணுக்கு ஒரு பக்கமும் காதுக்கு வேறொரு பக்கமும் கிடைக்கும்.

ஐந்தாம் படி: மீடியா குவெரியே இல்லாமல் அட்டைகளை அடுக்குங்கள்

முகப்பில் கட்டுரை அட்டைகள் அடுக்கப்படும் பகுதிக்கு சி.எஸ்.எஸ். கிரிட் மிகவும் ஏற்றது. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்றும் 2017 மார்ச்சில் அதை ஆதரிக்கத் தொடங்கின; எனவே இன்று தயங்க வேண்டியதில்லை. பத்திகளைக் குறிக்கும் இடத்தில், 'ரிப்பீட்' சார்புக்குள் எண்ணிக்கைக்குப் பதிலாக 'ஆட்டோ-ஃபில்' (இடத்தில் அடங்கும் அளவு) என்றும், அகலத்துக்கு 'மின்மேக்ஸ்' சார்பில் குறைந்தது 17 ரெம், மிகுந்தது 1 எஃப்.ஆர். (எஞ்சிய இடத்தில் ஒரு பங்கு) என்றும் கொடுங்கள், அட்டைகளுக்கு இடையே 1.5 ரெம் இடைவெளி விடுங்கள்.

கணக்கு இப்படி அமைகிறது: 17 ரெம் என்பது 272 பிக்சல். விளிம்புகளையும் இடைவெளிகளையும் கூட்டினால், திரை 600 பிக்சலை எட்டும்போது இரண்டு பத்திகளும், 896-இல் மூன்றும், 1,192-இல் நான்கும் தாமாகவே உருவாகும். எந்தக் கைபேசி, எந்த டேப்லெட் என்று நாம் எங்கும் கேட்கவில்லை. 17 ரெம் என்ற எண்ணை நான் எடுத்தது, அந்த இதழின் மிக நீண்ட இருபது தலைப்புகளை அட்டையில் இட்டு, எந்த அகலத்துக்குக் கீழே அவை ஐந்து வரிகளுக்கு மேல் போகின்றன என்று பார்த்துத்தான். உங்கள் இதழுக்கு அந்த எண் மாறலாம். அதைக் கண்டுபிடிக்கும் முறை மாறாது.

ஒரு கண்ணி இங்கே உண்டு. பத்தியை வெறும் 1 எஃப்.ஆர். என்று எழுதினால், அதன் குறைந்த அகலம் உள்ளடக்கத்தைப் பொறுத்ததாக இருக்கும். ஆகவே ஒரு நீண்ட சொல்லோ அகலமான படமோ அந்தப் பத்தியை வீங்கச் செய்து பக்கத்தையே மீறவைக்கும். குறைந்த அகலம் சுழியம், மிகுந்த அகலம் 1 எஃப்.ஆர். என்று மின்மேக்ஸில் எழுதினால் வீக்கம் நிற்கும். ஃபிளெக்ஸ்பாக்ஸில் இதே சிக்கலுக்கு, உள்ளிருக்கும் உறுப்பின் குறைந்தபட்ச அகலத்தைச் சுழியமாக்க வேண்டும்.

ஆறாம் படி: பிரேக்பாயின்ட்டைக் கணக்கிட்டுப் பெறுங்கள்

கட்டுரைப் பக்கத்தில் பெரிய திரைகளில் மட்டும் வலப்புறம் ஒரு பக்கப் பத்தி வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 768, 1,024 போன்ற எண்களைப் பழக்கத்தால் எழுதுவதுதான் வழக்கம். அவை ஒரு காலத்திய டேப்லெட்டின் அகலங்களே தவிர, உங்கள் கட்டுரைக்கும் அவற்றுக்கும் உறவில்லை. கட்டுரைப் பத்திக்கு 40.5 ரெம், பக்கப் பத்திக்கு 18 ரெம், இடைவெளிக்கு 2 ரெம், விளிம்புகளுக்கு 2 ரெம் என்று கூட்டினால் 62.5 ரெம் வருகிறது. அதுதான் உங்கள் பிரேக்பாயின்ட், அதாவது பக்க அமைப்பு மாறும் அகலம். அதற்குக் கீழே பக்கப் பத்திக்கு இடமில்லை, அது கட்டுரைக்கு அடியில் செல்லும்.

மீடியா குவெரியில் இந்த எண்ணை 62.5 எம் என்றே எழுதுங்கள். அங்கே எம் என்பது உலாவியின் இயல்பான எழுத்தளவைக் குறிக்கிறது. வாசகர் அதை 16-இலிருந்து 20 பிக்சலுக்கு உயர்த்தியிருந்தால், மாற்றம் 1,000 பிக்சலுக்குப் பதில் 1,250 பிக்சலில் நிகழும். பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு நெருக்கமான இரட்டைப் பத்தி திணிக்கப்படாது.

அதே கட்டுரை அட்டை, அகன்ற நடுப்பகுதியிலும் குறுகிய பக்கப் பத்தியிலும் வரும்போது, திரையின் அகலத்தை மட்டும் கேட்பது உதவாது. தான் இருக்கும் பெட்டியின் அகலத்தைக் கேட்டு வடிவம் மாறும் கன்டெய்னர் குவெரி இதற்கென்றே வந்தது. 2023 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸும் சேர்ந்துகொண்டதால் மூன்று முதன்மை உலாவிகளிலும் அது கிடைக்கிறது. பெட்டியின் 'கன்டெய்னர்-டைப்' பண்புக்கு 'இன்லைன்-சைஸ்' என்று கொடுத்து, அந்தப் பெட்டி 30 எம்முக்கு மேல் அகலமாக இருந்தால் படம் இடப்புறம், எழுத்து வலப்புறம் என்றும், இல்லையென்றால் படம் மேலே என்றும் விதி எழுதலாம்.

ஏழாம் படி: படங்கள்

எல்லாப் படங்களுக்கும் உச்ச அகலம் 100 விழுக்காடு, உயரம் ஆட்டோ என்ற விதி அவசியம். அதோடு எச்.டி.எம்.எல். குறியிலேயே படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எண்ணாக எழுதிவிட்டால், படம் வந்து சேரும் முன்பே உலாவி அதற்குரிய இடத்தை ஒதுக்கிவைக்கும். படித்துக்கொண்டிருக்கும் பத்தி திடீரென்று கீழே குதிக்காது.

'சோர்ஸ்செட்' என்ற பண்பில் ஒரே படத்தின் 480, 800, 1,200, 1,600 பிக்சல் அகலப் பிரதிகளைக் குறிப்பிடுங்கள். 'சைசஸ்' பண்பில், திரை 62.5 எம் அல்லது அதற்கு மேல் இருந்தால் படம் 40.5 ரெம் அகலத்தில் தெரியும், இல்லையென்றால் திரையகலத்தில் 2 ரெம் குறைந்து தெரியும் என்று சொல்லுங்கள். இந்த இரண்டாவது தகவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது படம் திரை முழுவதையும் நிரப்பும் என்று உலாவி எண்ணிக்கொண்டு, பெரிய திரைகளில் தேவைக்கு மிஞ்சிய கோப்பை இறக்குகிறது. கீழே வரும் படங்களுக்குத் தாமத ஏற்றத்தை, அதாவது வாசகர் அருகில் வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறையை, இடலாம். தலைமைக் கட்டுரையின் படத்துக்கு மட்டும் கூடாது.

எட்டாம் படி: பட்டியல்கள், பிரிவுகள், படிவங்கள்

அணைகளின் நீர்மட்ட அட்டவணை போன்றவை கைபேசியில் பெரும் தொல்லை. அணையின் பெயர், முழு உயரம், இன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என ஆறு பத்திகள் 328 பிக்சலில் அடங்காது. மேட்டூரின் 120 அடியையும் வைகையின் 71 அடியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதற்குத்தான் அட்டவணையே என்பதால், ஒவ்வொரு வரியையும் தனி அட்டையாகச் சிதைக்கும் உத்தியை நான் பரிந்துரைப்பதில்லை. அட்டவணையை ஒரு பெட்டிக்குள் இட்டு, அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் உருளும்படி செய்து, அணையின் பெயருள்ள முதல் பத்தியை இடப்புறம் ஒட்டி நிற்கவைத்தால் போதும். விசைப்பலகையாலும் அந்தப் பெட்டியை உருட்ட முடியும்படி அது டேப் விசைக்கு எட்ட வேண்டும்.

பிரிவுகள் ஐந்தாறு மட்டுமே என்றால், மூன்று கோடுகள் கொண்ட பொத்தானுக்குப் பின்னால் அவற்றை ஒளிக்காமல் இரண்டு வரிகளாக மடியவிடுங்கள். அதிகம் என்றால், அந்தக் கோடுகளுக்கு அருகில் 'பிரிவுகள்' என்ற சொல்லையும் எழுதுங்கள். விரல் தொடும் பரப்பு ஆப்பிளின் வழிகாட்டலில் 44 புள்ளி, ஆண்ட்ராய்டின் வழிகாட்டலில் 48 டி.பி. (திரையின் அடர்த்தியைச் சாராத அலகு). எனவே 48 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்தும். தேடல் பெட்டி, சந்தா படிவம் ஆகியவற்றின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனின் சஃபாரி அதைத் தொட்டவுடன் பக்கத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். முழுத்திரை உயரம் தேவைப்படும் இடங்களில் பழைய 'வி.எச்.' அலகு முகவரிப் பட்டையின் உயரத்தைக் கணக்கில் கொள்ளாது, 'டி.வி.எச்.' அல்லது 'எஸ்.வி.எச்.' அலகைப் பயன்படுத்துங்கள். சுட்டியை மேலே கொண்டுவந்தால் மட்டும் தெரியும் எதுவும் தொடுதிரையில் இல்லாததற்குச் சமம்.

ஒன்பதாம் படி: சோதனை

உலாவியின் சாளரத்தை மெதுவாகக் குறுக்கிக்கொண்டே 320 பிக்சல் வரை வாருங்கள். பெயர்பெற்ற கருவிகளின் அகலங்களில் மட்டும் நிறுத்திப் பார்ப்பவர், அவற்றுக்கு இடையில் உடையும் பக்கத்தைக் காணமாட்டார். 2018-இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 அணுகல்தன்மை நெறிகளும், 320 பிக்சல் அகலத்தில் பக்கம் இருதிசையிலும் உருளத் தேவையின்றி வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றே கேட்கின்றன. அட்டவணைகளுக்கு அதில் விலக்கு உண்டு. 1,280 பிக்சல் சாளரத்தை 400 விழுக்காடு பெரிதாக்கினாலும் அதே நிலைதான் கிடைக்கும். பிறகு கணினியில் காட்டப்படும் மாதிரிக் கைபேசியோடு நிற்காமல், விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றில், அதைப் படுக்கைவசமாகத் திருப்பியும் பாருங்கள். மேலே ஒட்டி நிற்கும் தலைப்பட்டை அங்கே திரையின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

பக்கம் இடவலமாக ஆடினால், எல்லா உறுப்புகளுக்கும் தற்காலிகமாகச் சிவப்பு அவுட்லைன் இட்டுப் பாருங்கள். எந்தப் பெட்டி வலப்புறம் துருத்துகிறது என்பது உடனே தெரியும். அந்தப் பெட்டியைச் சரிசெய்யாமல், பக்கம் முழுவதற்கும் பக்கவாட்டு மீறலை மறைக்கும் விதியை எழுதிவிட்டுப் போவது பலர் செய்வதுதான். அப்படிச் செய்தால் ஒட்டி நிற்க வேண்டிய தலைப்பட்டை வேலை செய்யாமல் போகலாம்; துருத்திய சொல்லின் கடைசி எழுத்துகளும் வாசகருக்குத் தெரியாமலேயே வெட்டுப்பட்டுக் கிடக்கும்.